ஒருவரும் கேட்காத பாட்டு

அதைப் பாட்டு என்று சொல்லக் காத்தமுத்துவுக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. கொழும்பில் நாலு பொடியன்கள் கூடிச் செய்தது. தும்-தக-தும்-தக என்று இடுப்பை ஆட்டச் சொல்லும் ஒரு தாளம். அதற்குப் பெயர் ரெகேற்றோன் என்று வானொலிக்காரர் ஒவ்வொரு தரமும் நாக்கைச் சுழற்றிச் சொல்லுவார். அந்தத் தாளத்துக்கு மேலே, பிள்ளைகள் கையில் வைத்து விளையாடுகிற வீடியோ கேம் பெட்டியின் சத்தங்கள். காசு விழுந்தால் 'டிங்', சுவரில் முட்டினால் 'பொக்', ஆட்டம் முடிந்தால் படியில் உருளுவதுபோல இறங்கிப்போகிற ஒரு 'பீய்ங்'. நடுவில் ஒருவன் மூக்கால் பாடுவான்:

ஒண்ணு போனாப் போகட்டும் கண்ணே, ரெண்டு இன்னும் கையில இருக்கு,
உன்னப் பாத்து ஓடி வந்தே ஒண்ணொண்ணாத் தொலைஞ்சு போச்சு.

விசயம் இவ்வளவுதான். ஒரு பெடியன் ஒரு பெட்டையைப் பார்த்துக்கொண்டே விளையாடித் தோற்கிறான். கேம் கொடுத்த மூன்று உயிரும் போனபிறகு ஒரு பெண்குரல் 'மறுபடி ஆடுவமா?' என்று கேட்கும். எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கழுதை கத்தினாலும் அதில் ஒரு சுருதி இருக்கும் என்பது காத்தமுத்துவின் தீர்ப்பு.

மகள் இந்திராதேவிக்கோ அந்தப் பாட்டென்றால் சோறு தண்ணி வேண்டாம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. சமாதான காலத்தில் காத்தமுத்து மன்னார்ப் பசாரில் அவளுக்கு ஒரு கேம் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். பிறகு சண்டை மூண்டு, அவர்கள் ஊரான பாப்பாமோட்டைப் பக்கம் பற்றரி கொண்டுபோகக் கூடாது என்று ராணுவம் தடுத்துவிட்டது. பெட்டி வாயடைத்துப்போய் அலுமாரிக்குள் கிடந்தது. ஊரில் றேடியோ கேட்பதென்றாலும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒராள் பெடலைச் சுற்ற, டைனமோ கொடுக்கிற கரண்டில்தான் கேட்கவேண்டும். அப்படிச் சுற்றிக்கொண்டிருந்த ஒருநாள்தான் அந்தப் பாட்டு வந்தது. "அப்பா, செத்துப்போன என்ர பெட்டி இதுக்குள்ள கிடந்து கதைக்குது," என்று அவள் சிரித்த சிரிப்பில் பெடலை விட்டுவிட்டாள். பாட்டு பாதியில் நின்றது. காத்தமுத்து குனிந்து தானே பெடலைச் சுற்றினார். பிள்ளைக்காக மனிதர் எந்தக் கழுதையையும் பாடவிடுவார்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஐப்பசியில் அவர் மனைவி பாலம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று மன்னார் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இந்திராவைக் காத்தமுத்துவின் தங்கச்சி மனோன்மணியிடம் விட்டுவிட்டு, பத்தே நாளில் வந்துவிடுகிறோம் என்று சொல்லிப் புருசனும் பெண்சாதியும் சோதனைச் சாவடி தாண்டி மன்னார்த் தீவுக்கு வந்தார்கள். வரும்போது காத்தமுத்து பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், காணி உறுதி, பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிக் கையோடு கொண்டுவந்தார். எழுபத்தேழாம் ஆண்டு தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டபோது அவர் தகப்பன் கடுதாசிகளை லயத்து அறையிலேயே விட்டுவிட்டு வந்து, பட்ட பாடு கொஞ்சமல்ல. அதனால் அந்தக் குடும்பத்தில் எவர் வீட்டைவிட்டுக் கிளம்பினாலும் பை முன்னால் போகும், ஆள் பின்னால் போவார்.

ஒப்பரேசன் முடிந்தது. பாதை மூடப்பட்டது. பத்து நாள் மூன்று மாதமாயிற்று.

பள்ளிமுனையில் பெனடிக்ற் என்ற மீன்காரர் தன் வளவில் ஒரு அறையைக் கொடுத்தார். காத்தமுத்து அங்கேயே ஒரு மீன் வாடியில் ஐஸ் உடைக்கவும் பெட்டி சுமக்கவும் சேர்ந்துகொண்டார். பள்ளிமுனைக் கரையில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் பாப்பாமோட்டைப் பக்கத்துப் பனைகள் கோடாய்த் தெரியும். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்குமோ என்று தோன்றும் தூரம். அந்தக் கரையில் இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் கேட்டுக்கொண்டிருந்தது. இந்திராவுக்குப் பதினெட்டு பிறக்கப் போகிறது. மற்றப் பயங்களையெல்லாம் அந்த ஒரு பயம் தின்றுவிட்டது.

வழியைக் காட்டியவர் பெனடிக்ற். கடற்படை பாஸ் கொடுத்த நாட்களில் அவர் தொழிலுக்குப் போவார். இரண்டு கரைக்கும் நடுவே, ஆழமில்லாத தண்ணீரில் சிறகுவலைக் கம்புகள் நட்ட இடத்தில், அந்தக் கரைத் தொழிலாளிகளோடு சிலவேளை முகம் பார்த்துக் கதைக்கக் கிடைக்கும். தை மாதத்தில் ஒருநாள் அப்படிக் கிடைத்தபோது அவர் ஏற்பாட்டை முடித்துவிட்டு வந்தார். அந்தப் பக்கத்து வள்ளக்காரர் ஒருவர் விடியற்காலை பிள்ளையைக் கம்படிவரை கொண்டுவருவார். பெனடிக்ற் ஏற்றிவந்து, கடலில் தத்தளித்தவளைக் கண்டெடுத்தேன் என்று கடற்படையிடம் ஒப்படைப்பார். பிறகு விசாரணை, நீதிமன்றம், தகப்பனின் கையெழுத்து. அப்படிச் சிலர் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"ஆனா எண்டைக்கு எண்டு எப்பிடி அங்க சொல்லுறது?" என்று பெனடிக்ற் கேட்டார். "கம்படியில இனி ஒருக்கா ஆளைக் கண்டாலே பெரிசு. நேவி இப்ப நிண்டு கதைக்க விடுறானில்லை."

அதையும் காத்தமுத்துதான் யோசித்துச் சொல்லி, கடைசியாக ஒரே ஒரு தரம் கடலில் ஆள் சந்தித்தபோது அந்தச் செய்தி அக்கரை போய்ச் சேர்ந்தது. பகல் இரண்டு மணிக்குக் கொழும்பு வானொலியில் நேயர் கேட்கும் பாட்டுப் போடுவார்கள். இந்தக் கரையும் கேட்கும், அந்தக் கரையும் கேட்கும், ராணுவமும் இயக்கமும் கேட்கும். பெயர் சொல்லி ஒரு வார்த்தை பேச முடியாது. ஆனால் பாட்டுக் கேட்கலாம். எந்த நாளில் அந்த வீடியோ கேம் பாட்டு வருகிறதோ, அடுத்த விடியலில் இந்திரா கம்படியில் நிற்கவேண்டும்.

"ஏன் அந்தக் கோதாரிப் பாட்டு?"

"வேற ஒருத்தரும் கேக்க மாட்டினம்," என்றார் காத்தமுத்து. "சனம் சாமிப் பாட்டுக் கேக்கும், சோகப் பாட்டுக் கேக்கும். இந்தக் காலத்தில ஆர் போன் எடுத்து அதைக் கேக்கப்போகினம்? பிழையா வர வழியில்லை."

பெனடிக்ற் யோசித்துத் தலையாட்டினார். "சரி. ஆனா ஒண்டு. சனிக்கிழமை மட்டும் கேட்டுப்போடாத. ஞாயிறு நாங்கள் கடலுக்குப் போறேல்லை."

பாலம்மாவிடம் ஒன்றும் சொல்லவேண்டாம் என்று காத்தமுத்து முடிவெடுத்தார். தையல் ஆறாத உடம்பு. கலங்குவாள், அழுவாள், கோயிலில் நேர்த்தி வைக்கிறேன் என்று நாலு பேரிடம் வாய்விடுவாள். அப்படித்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். பெண்சாதியிடம் ஒன்றை மறைக்கிற ஆண்பிள்ளைக்கு நியாயத்துக்கா பஞ்சம்.

இனி அவர் செய்யவேண்டியது ஒன்றுதான். பள்ளிமுனைச் சந்தியில் செலீனா வைத்திருந்த கொமினிகேசன் கடைக்குப் போய், ஒரு தொலைபேசி எடுத்து, ஒரு பாட்டுக் கேட்கவேண்டும். மாசி முதலாம் கிழமை போனார். கடல் கறுத்துக் காற்று இரைந்தது, திரும்பி வந்தார். இரண்டு நாள் கழித்துப் போனார். கடற்கரைக் காவலுக்குப் புது அதிகாரி வந்திருப்பதாக யாரோ சொன்னார்கள், திரும்பி வந்தார். மூன்றாந்தரம் கடை வாசலில் ஏறி உள்ளே பார்த்தார். தொலைபேசிப் பெட்டிக்குள் யாரோ ஒருவன் முதுகு காட்டிப் பேசிக்கொண்டு நின்றான். உளவுக்காரனோ என்று தோன்றியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். காத்தமுத்துவுக்கு வெளிச்சத்திலேயே பேய் தெரிந்தது. வள்ளத்தில் வருகிற பிள்ளைமேல் சூடு விழுந்தால் அவளைக் கூப்பிட்ட கை அவருடையதாக இருக்கும். வராமல் அங்கேயே பிடிபட்டால் அது பிறர் செய்த பாவம். இப்படி ஒரு கணக்கு அவருக்குள் ஓடியது. அவர் நல்ல மனிதர். ஆனால் அந்தக் கணக்கு கோழையின் கணக்கு.

மாசி பதினோராம் திகதி இந்திராவின் பிறந்தநாள். காலையில் பாலம்மா பயற்றங்கஞ்சி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"இந்திராட பாட்டை றேடியோவில போடச் சொல்லிக் கேப்பமா? பேர் ஊர் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. கேட்டா அவளுக்கு விளங்கும், அம்மாதான் எண்டு."

கரண்டி காத்தமுத்துவின் கையிலிருந்து நழுவிற்று.

"விசர்க் கதை கதைக்காத," என்றார். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. "போன் எல்லாம் ஒட்டுக் கேக்கிறாங்கள். அந்தக் கடைப் பக்கம் நீ போகக் கூடாது. சொல்லிப்போட்டன்."

பாலம்மா கஞ்சியை மூடி வைத்தாள். அன்று இரண்டு மணிக்கு அவள் றேடியோவைப் போட்டுக் கடைசிவரை கேட்டாள். அந்தப் பாட்டு வரவில்லை.

பங்குனி முதலாம் திகதி ஒரு சனிக்கிழமை. பெரிய வெள்ளிக்கு முந்தின தவசு காலம் என்பதால் பள்ளிமுனை வீடுகளில் பாட்டுச் சத்தமே இல்லை. வாடி முதலாளிக்கு மட்டும் தவசு கிடையாது. அவருடைய றேடியோ காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. காத்தமுத்து மர உலக்கையால் ஐஸ்கட்டியை உடைத்து மீன்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். அடம்பன் பக்கம் ஷெல் விழுகிற சத்தம் விட்டு விட்டு வந்தது. இரண்டேகால் இருக்கும்.

"அடுத்து, மன்னாரில் இருந்து ஒரு அம்மா," என்றார் வானொலிக்காரர். "பெயர் சொல்ல விருப்பமில்லையாம். ஆனால் அம்மாவின் தெரிவைப் பாருங்கள் நேயர்களே, நம்ம ரெகேற்றோன்."

தும்-தக-தும்-தக.

காத்தமுத்து உலக்கையைக் கீழே விட்டார். 'டிங்' என்று காசு விழுந்தது. 'பொக்' என்று சுவரில் முட்டியது. கூட வேலைசெய்தவன் தாளத்துக்குத் தோளை ஆட்டிக்கொண்டு, "அண்ணே, ஐஸ் கரையுது," என்றான். காத்தமுத்துவின் கண்ணில் பட்டது ஒரே ஒரு காட்சி. கவிழ்ந்து கிடக்கிற சைக்கிள், பெடலைச் சுற்றுகிற மனோன்மணி, பக்கத்தில் எழுந்து நிற்கிற தன் பிள்ளை. நாளை விடியலில் அவள் கடலுக்குள் நிற்பாள். நாளை ஞாயிறு. அவளை ஏற்ற இந்தக் கரையிலிருந்து ஒரு வள்ளமும் போகாது. மூக்கால் பாடுகிறவன் ஒண்ணு போனாப் போகட்டும் என்றான். இந்த உலகத்தில் அந்தப் பாட்டைப் போடச்சொல்லிக் கேட்கக் கூடியது ஒரே ஒராள்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாரையும் கணக்கெடுத்தவர் பெண்சாதியை விட்டுவிட்டார்.

ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்கு ஓடினார். பாலம்மா வாசலில் இருந்து றேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூத்தாட்டப் பாட்டை அவள் கேட்ட விதம், பெரிய வெள்ளியில் திருப்பாடு கேட்பவர்களின் விதம். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏசாதீங்கோ," என்றாள். "பிறந்தநாளுக்குத்தான் விடேல்லை. செலீனாப் பிள்ளை தானே நம்பர் அடிச்சுத் தந்தவ. நான் ஒரு பேரும் சொல்லேல்லை."

அவர் நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: வள்ளம், கம்படி, பாட்டு, ஞாயிறு. பாலம்மா றேடியோவை நிறுத்தினாள். அவர் முடித்ததும் கேட்டாள்:

"எவ்வளவு நாளா?"

"தையில இருந்து."

"அவளைப் பெத்தவளுக்கு மட்டும் சொல்லக் கூடாது, என்ன."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பெனடிக்ற் வீட்டுப் பக்கம் நடந்தாள். அறுத்துத் தைத்த வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

பெனடிக்ற் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு நெடுநேரம் தலையைச் சொறிந்தார்.

"ஞாயிறில போனா சங்கம் தண்டம் போடும். அதைக் கட்டலாம். ஆண்டவரும் மன்னிப்பார். நேவிக்கு என்ன சொல்லுறது? பள்ளிமுனையான் ஞாயிறில கடலுக்கு இறங்க மாட்டான் எண்டு அவனுக்கும் தெரியும். இறங்கினா ஏன் எண்டு கேப்பான். கேட்டா நல்லம், கேக்காமலே சுட்டா?"

"அந்தப் பக்கத்து வள்ளக்காரரும் வேதக்காரர்தானே," என்றார் காத்தமுத்து. "ஞாயிறு எண்டு அவரும் வெளிக்கிடாமல் விட்டா?"

"அந்தக் கரையில இப்ப ஞாயிறு எண்டு ஒண்டு இல்லை, காத்தமுத்து. வெளிக்கிடுவார்."

பாலம்மா இருவரையும் பார்த்தாள். "ஞாயிறில ஆர் போறவை?" என்று கேட்டாள்.

ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதில் அவ்வளவு கிட்டவாக இருந்தது. உப்புக்குளத்து முஸ்லிம் ஆட்களுக்கு வெள்ளிதான் ஓய்வு; ஞாயிறில் அவர்களுக்குப் பாஸ் உண்டு.

அவர்களில் ஒருவரான வள்ளக்காரர் அலியாரின் வீட்டுக்கு மூவருமாகப் போனார்கள். ஐம்பத்தைந்து வயது மனிதர், பின்னேர அஸர் தொழுகை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். கதிரை போட்டு இருத்தி, பாலில்லாத பிளேன்ரீ கொடுத்து, முழுவதையும் கேட்டார். தொண்ணூறாம் ஆண்டு அவரும் அந்தக் கரைக்காரர்தான். முஸ்லிம்களை ஒரு மாலைக்குள் வெளியேறச் சொல்லி, கையில் ஒரு பையோடு அந்தக் கடலால்தான் இயக்கம் துரத்திவிட்டது. புத்தளத்தில் பன்னிரண்டு வருசம் அகதியாக இருந்துவிட்டு வந்தவர். அதை அவர் ஞாபகப்படுத்துவார் என்று காத்தமுத்து பயந்தார்.

"அந்தத் தண்ணி எனக்குத் தெரியும்," என்றார் அலியார். "எந்தக் கம்புக்குக் கீழ சேறு, எங்க மணல் எண்டு இருட்டிலயும் சொல்லுவன். அண்டைக்கு நாங்க வரேக்க என்ர மகளுக்கு ஏழு வயசு. வள்ளத்தில என்ர சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்தவ." கோப்பையை வைத்தார். "நாளைக்குப் போறன். நீங்க எங்கட கரைக்கு வந்து நில்லுங்கோ. பிள்ளைட கடுதாசி ஏதும் இருந்தாக் கொண்டுவாங்கோ."

கடுதாசியா இல்லை. பை முழுக்க இருந்தது.

ஞாயிறு காலை பள்ளிமுனைக் கோயில் மணி முதல் பூசைக்கு அடித்தபோது காத்தமுத்து உப்புக்குளம் கரையில் காவலரண் கம்பிக்கு வெளியே நின்றார். சிறகுவலைக் கம்புகள் அந்தத் தூரத்துக்குத் தெரியாது. ஏழு மணிக்கு இரண்டு வள்ளம் வந்தன; அலியாருடையது இல்லை. எட்டு மணிக்குப் பின் எங்கோ இயந்திரத் துப்பாக்கி ஒன்று இரண்டு தரம் சடசடத்தது. கம்பிக்கு உள்ளே நின்ற கடற்படைச் சிப்பாய் கொட்டாவி விட்டான். காத்தமுத்து தோட்டத்து மாரியம்மனைக் கும்பிட்டார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, மணியடித்த கோயில் மாதாவையும் கும்பிட்டார்.

ஒன்பதரைக்கு அலியாரின் வள்ளம் வந்தது. முன்பக்கத்து அணியத்தில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண்பிள்ளை குறுகி இருந்தாள். காத்தமுத்து கம்பியைப் பிடித்துவிட்டார். வள்ளம் தரைதட்ட, கடற்படையினர் இருவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி அவளைக் கைபிடித்து இறக்கினார்கள். சாக்கு விழுந்தது.

அது இந்திரா இல்லை.

மனோன்மணியின் மூத்த மகள் நிரோஜினி. பதினைந்து வயது. மாமா என்று அவர் முதுகில் ஏறி வளர்ந்த பிள்ளை. காத்தமுத்து அவளைத் தாண்டி வள்ளத்துக்குள் பார்த்தார். உள்ளே வலையும் எண்ணெய்க் கானும் கிடந்தன. அலியாரின் முகத்தைப் பார்த்தார். அலியார் தலையைக் குனிந்துகொண்டார்.

தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி கொப்பியோடு வந்தார். "நீங்க யார்? இந்தப் பிள்ளை உங்க ஆளா?"

 அப்போது அந்தப் பிள்ளை, உதடு நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டே, அவரை நேராகப் பார்த்து, "அப்பா," என்றாள். சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கியது. தாய்தகப்பன் இந்தக் கரையில் இல்லாத பிள்ளையை யார் கையெழுத்து வைத்து எடுப்பது? தங்கச்சி அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாள்.

"உங்க மகளா?" என்று அதிகாரி திரும்பவும் கேட்டார்.

பை அவர் கையில் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் இருந்தது. அதை நீட்டினால் இந்தப் பிள்ளை பிழைக்கும். ஆனால் இந்திராதேவி வந்து சேர்ந்துவிட்டாள் என்று அரசாங்கத்தின் கொப்பியில் ஏறும். பிறகு ஒருநாள் உண்மையான இந்திராதேவி வந்தால் அவள் யாராக வருவாள்? இதையெல்லாம் அவர் நிதானமாக யோசித்தார் என்று சொல்ல முடியாது. நாலு கிழமையாக ஒரு தொலைபேசியை எடுக்கத் துணியாத மனிதர், அந்தப் பிள்ளையின் ஈரப் பாவாடையைப் பார்த்தார், பையை அவிழ்த்தார்.

"ஓம். என்ர மகள். இந்திராதேவி."

அதிகாரி பத்திரத்தைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "பதினெட்டா? சின்னப் பிள்ளை மாதிரி."

"சாப்பாடு இல்லை, ஐயா," என்றார் காத்தமுத்து. அதிகாரி எழுதிக்கொண்டார்.

விசாரணை, நீதிமன்றம் எல்லாம் முடிந்து நாலாம் நாள் பிள்ளையை வீட்டுக்கு விட்டார்கள். அந்த நாலு நாளும் பாலம்மா அழவில்லை. இந்திரா அங்கே மாமிக்குத் துணையாக நின்றிருப்பாள், சின்னவளை முதலில் அனுப்பியிருப்பாள், அவளுடைய குணம் அப்படி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். காத்தமுத்துவும் அதற்கு ஓம் போட்டுக்கொண்டிருந்தார்.

நிரோஜினிக்குச் சோறு போட்டுச் சாப்பிடவிட்டுத்தான் பாலம்மா கேட்டாள். பிள்ளை கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்காவை இயக்கம் பிடிச்சுக்கொண்டு போயிட்டுது, மாமி. வீட்டுக்கு வந்து கொண்டு போனவை. அம்மா அவையின்ர காலில விழுந்தவ. அதுக்குப் பிறகும் அம்மா ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்குப் பெடல் சுத்தினவ. பாட்டு வந்த உடன என்னை வெளிக்கிடுத்தினவ. அக்காவுக்கு எண்டு வாற வள்ளம் சும்மா திரும்பக் கூடாது எண்டு சொன்னவ. அடுத்தது நான்தானே."

"அம்மா இப்ப எங்கையடி?"

"என்னை அனுப்பின கையோட தம்பியையும் கொண்டு ஊர்ச் சனத்தோட வடக்க வெளிக்கிட்டிட்டா. வள்ளக்காரரும் என்னை விட்டிட்டுப் போய் வெளிக்கிடுறன் எண்டவர். இனி அங்க ஒருத்தரும் இல்லை."

 "அக்காவை எண்டைக்குக் கொண்டுபோனவை?" என்று பாலம்மா கேட்டாள்.

"மாசி பதினெட்டு. பிறந்தநாள் முடிஞ்சு சரியா ஒரு கிழமை."

பாலம்மா காத்தமுத்துவின் பக்கம் திரும்பினாள். அவர் அந்தப் பார்வைக்காக நாலு நாள் காத்திருந்தவர்போல நிமிர்ந்து இருந்தார். கஞ்சி வைத்த காலை, நழுவிய கரண்டி, விசர்க் கதை கதைக்காதே என்ற சொல், எல்லாம் இருவருக்கும் நடுவில் வந்து குந்தின. அன்றைக்கு அவள் கேட்க விட்டிருந்தால், அடுத்த விடியல் செவ்வாய்க்கிழமை; பெனடிக்ற் கடலுக்குப் போன நாள். அவள் ஏசியிருந்தால் அவருக்கு நல்லாயிருந்திருக்கும். அவள் ஏசவில்லை. எழுந்துபோய், பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். காத்தமுத்து வளவுக்குப் பின்னால் போய், பனைக்குக் கீழே இருந்து, வாய்விட்டு அழுதார்.

அடுத்த சனிக்கிழமை பகல் காத்தமுத்து வாடிக்குப் போகவில்லை. வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, பாலம்மாவையும் நிரோஜினியையும் கூட்டிக்கொண்டு செலீனாவின் கடைக்குப் போனார். உள்ளே யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. செலீனா நம்பரை அடித்துக் கொடுத்தாள். கடை றேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தொலைபேசியை நீட்டினாள்.

"வணக்கம், யார் பேசுறீங்க?" என்றார் வானொலிக்காரர்.

"காத்தமுத்து. பள்ளிமுனை, மன்னார்."

"சொல்லுங்க ஐயா, என்ன பாட்டு வேணும்?"

அவர் சொன்னார். வானொலிக்காரர் சிரித்தார். "போன கிழமையும் மன்னாரில் இருந்து ஒரு அம்மா கேட்டாங்க. உங்க ஊரே இதுக்கு ஆடுது போல. யாருக்காக?"

"என்ர மகளுக்கு. பிறந்தநாள் போன மாசம் வந்தது. அப்ப கேக்க முடியேல்லை."

"மகளோட பேர்?"

பாலம்மா அவர் கையைப் பிடித்தாள். நாலு மாதத்துக்கு மேலாக அந்தக் கரையில் இருந்த ஒருவரின் பெயரையும் அவர்கள் வெளியே உச்சரித்ததில்லை. இப்போது சொல்லலாம். அரசாங்கத்தின் கொப்பியிலேயே அவள் பள்ளிமுனையில் இருக்கிறாள்.

"இந்திராதேவி," என்றார் காத்தமுத்து, ஒவ்வொரு எழுத்தும் விளங்க. "காத்தமுத்து இந்திராதேவி. அம்மாவும் அப்பாவும் கேக்கச் சொன்னது எண்டு சொல்லுங்கோ."

"அருமை. இந்திராதேவி இப்ப உங்க பக்கத்தில் இருந்து கேட்டுக்கிட்டு இருக்காங்களா?"

காத்தமுத்து நிரோஜினியைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஷெல் ஒன்று விழுந்தது. செலீனாவின் கடைக் கண்ணாடி கிணுகிணுத்தது.

"கேக்கிறா எண்டுதான் நம்பியிருக்கிறம், தம்பி," என்றார்.

வானொலிக்காரர் சிரித்துவிட்டுப் பாட்டைப் போட்டார்.